இரவல் நீராவி

தினமும் பிற்பகல் இரண்டே முக்காலுக்கு மறுநாளைய மின்சார விலை வெளியாகும். மணிக்கு ஒரு விலை. அந்த நேரத்தில் கிவிசூ மின்நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் யாரும் பேச மாட்டார்கள். விலை ஏறியிருந்தால் நாளைக்குக் கொதிகலனை எரிக்கலாம். விலை விழுந்திருந்தால், அதாவது கடலோரத்தில் காற்று நன்றாக வீசி, பின்லாந்துக்காரனும் தன் அணுமின்சாரத்தைக் கேபிள் வழியே அள்ளி விட்டிருந்தால், நாளைக்குச் சும்மா உட்கார வேண்டியதுதான். எஸ்தோனியா முழுவதற்கும் ஐம்பது வருஷம் விளக்கேற்றிய நிலையம், கூப்பிட்டால் வருகிற வாடகைக் கார் மாதிரி ஆகிவிட்டது. வாடகைக் காருக்காவது மீட்டர் ஓடும்.

நிலையத்தில் மிச்சமிருந்தவை இரண்டே யூனிட்டுகள், ஐந்தும் ஆறும். இரண்டிலும் சேர்த்து எண்பத்து நான்கு பேர். ஆறாம் யூனிட்டின் ஷிப்ட் தலைவர் ஆர்க்காடி சவேல்யிச்சுக்கு ஐம்பத்தொன்பது வயது, முப்பத்தாறு வருஷ சர்வீஸ். மண்ணுக்கடியிலிருந்து எண்ணெய் ஊறிய பழுப்புக் கல்லை வெட்டி வந்து, மாவாக அரைத்து எரிப்பதுதான் அங்கே தொழில். அந்தக் கல்லின் புகையை முகர்ந்தே அன்றைய சரக்கு நல்லதா மட்டமா என்று சொல்லக்கூடிய மனிதர் அவர். அப்படிப்பட்டவர்தான் தன் கையாலேயே அந்த இடத்துக்கு மண் அள்ளிப் போட்டார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதனால்தான் அதைச் சொல்லவே வயிறு எரிகிறது.

தலைநகர் தல்லினில், நாட்டின் மின்தொகுப்பைக் கவனிக்கிற அலுவலகம் ஒன்று வருஷா வருஷம் ஓர் அறிக்கை வெளியிடும். அடுத்த பத்து வருஷத்தில் எவ்வளவு மின்சாரம் தேவைப்படும், அதில் காற்று எவ்வளவு, வெயில் எவ்வளவு, கடலடிக் கேபிளில் வருவது எவ்வளவு, காற்றும் வெயிலும் கைவிடுகிற உறைபனி நாட்களில் யார் கைகொடுப்பது என்றெல்லாம் அதில் இருக்கும். ஷிப்டில் அதை ‘ஜாதகம்’ என்பார்கள். கிண்டலாகச் சொன்னாலும், ஜாதகம் வருகிற மாதத்தில் எல்லோருக்கும் தூக்கம் குறையும்.

அந்த வருஷம் ஏப்ரலில் ஒரு செய்தி வந்தது. அலுவலகத்திலிருந்து ஆள் வந்து ஆறாம் யூனிட்டைச் சோதிக்கப் போகிறார்கள். முழுக்க ஆறிப்போன நிலையிலிருந்து கொளுத்தி, மின்தொகுப்பில் சேர எத்தனை மணி நேரம் ஆகிறது என்று பார்ப்பார்கள். இவ்வளவுதான் கடிதத்தில் இருந்தது. மீதியைக் கேன்டீன் எழுதிச் சேர்த்தது. பன்னிரண்டு மணி நேரத்துக்குள் எழாத யூனிட்டுக்கு மூடுவிழா என்றது கேன்டீன். யார் சொன்னது என்று யாரும் கேட்கவில்லை. தல்லினுக்கு ஒரு போன் போட்டு விசாரிக்கலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மேலிடத்தில் போய்க் கேட்பது அந்த ஊர்ப் பழக்கமே இல்லை. மேலிடம் என்ன நினைக்கும் என்று தாங்களாகவே ஊகித்து, அதற்குத் தக்கபடி நடந்துகொள்வதுதான் பழக்கம்.

உண்மையில் ஆவது பதினைந்து மணி நேரம். சோம்பேறித்தனம் இல்லை, இரும்பின் குணம் அது. கொதிகலனின் உச்சியில் ஒரு ரயில் பெட்டி நீளத்துக்கு எஃகு டிரம் ஒன்று கிடக்கிறது. அதன் சுவர் ஒரு சாண் கனம். அதை மெதுவாகத்தான் சூடேற்ற வேண்டும். அவசரப்பட்டால் மேல்பக்கம் ஒரு சூடு, கீழ்ப்பக்கம் ஒரு சூடு என்று ஆகி இரும்பு வெடிப்பு விடும்.

ஆனால் அதற்கும் ஒரு வழி இருந்தது. பக்கத்து யூனிட் ஓடிக்கொண்டிருந்தால், அதிலிருந்து ஒரு குழாய் வழியே கொஞ்சம் நீராவியை இந்த டிரம்மின் அடியில் விட்டுச் சூடாக்கி வைத்துக்கொள்ளலாம். அண்டை வீட்டில் சர்க்கரை வாங்குவது போல யூனிட்டுகள் ஒன்றுக்கொன்று நீராவி இரவல் கொடுப்பது அங்கே அன்றாட வழக்கம். அதை யாரும் எந்தத் தாளிலும் எழுதியதில்லை.

ஐந்தாம் யூனிட்டின் ஷிப்ட் தலைவி ஜோயா. இருபத்தேழு வருஷ சர்வீஸ், ஆர்க்காடி குடியிருந்த கட்டடத்திலேயே இரண்டு மாடி மேலே வீடு. ஆர்க்காடி அவளிடம் போய் நின்றார்.

“ஜோயா, செவ்வாக்கிழம மத்தியானத்துலேர்ந்து கொஞ்சம் ஸ்டீம் குடு.”

“சோதனையே புதன்கெழமதானே?”

“அதுக்குத்தான்.”

ஜோயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “குளிர்ந்த யூனிட்ட எழுப்பிக் காட்டணும்னு சொல்லியிருக்காங்க. நீ முந்தின நாளே வெந்நி வச்சுக் குளிப்பாட்டி உக்கார வைக்கப் போற.”

“உன் யூனிட்டும் என் யூனிட்டும் ஒரே கூரைக்குக் கீழ. இது போனா அதுவும் போகும்.”

“பொண்ணு பாக்க வர்றப்ப பூசற பவுடர் மாதிரி.”

“பவுடர்னே வச்சுக்கோ. குடுக்கறியா, இல்லியா?”

“குடுக்கறேன். எப்ப இல்லேன்னு சொல்லியிருக்கேன்?” என்றாள் ஜோயா. “ஆனா டிரம் சூடு உங்க திரையில தெரியுமே, அதுக்கு என்ன பண்ணுவ?”

அதற்கு எகோர் இருந்தான். கருவிகளைப் பார்த்துக்கொள்கிற மெக்கானிக். முப்பத்தாறு வயது, இரண்டு குழந்தைகள், வாயில் எப்போதும் ஒரு நக்கல். செவ்வாய் மாலை அவன் டிரம்மின் வெப்பமானிக் கம்பியைக் கழற்றிவிட்டு, பழுது என்று ஒரு சீட்டு ஒட்டினான். சோதனையன்று மேலே ஆள் நின்று கையால் அளந்து, போனில் கீழே சொல்வது என்று ஏற்பாடு.

புதன்கிழமை காலை ஐந்தரை மணிக்குத் தல்லினிலிருந்து வந்தவள் கைரித் என்ற பெண். முப்பத்திரண்டு வயது இருக்கும். அந்த ஆண்டின் ஜாதகத்தை எழுதுகிறவளே அவள்தான். நிலையத்தில் எல்லோரும் பேசுகிற ரஷ்ய மொழியை அவள் பாடப்புத்தகத்தில் படித்தவள் போல, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினாள். கொளுத்துவதற்கு முன் ஆர்க்காடியைத் தனியாக அழைத்தாள்.

“ஆர்க்காடி சவேல்யிச், ஒண்ணு சொல்லிடறேன். எனக்கு நல்ல எண் வேணாம். உண்மையான எண் வேணும். பதினெட்டுன்னா பதினெட்டு. யாரையும் குறை சொல்ல மாட்டேன்.”

“அதுக்கென்னங்க, பாத்துருவோம்,” என்றார் ஆர்க்காடி.

அவருக்குச் சிரிப்புதான் வந்தது. முப்பத்தாறு வருஷத்தில் எத்தனை பேர் இதையே சொல்லியிருப்பார்கள். சோவியத் காலத்தில் மாஸ்கோவிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள், பிறகு தல்லினிலிருந்து வந்தவர்களும் சொன்னார்கள். சொன்னவன் எவனும் உண்மையைக் கேட்டுச் சந்தோஷமாகத் திரும்பிப் போனதை அவர் பார்த்ததில்லை. திட்டம் நூறு என்றால் நூற்று மூன்று என்று எழுதிக் கொடு, மீன் வறுத்துப் போடு, கைகுலுக்கி வண்டி ஏற்று. இந்த வித்தையில் வளர்ந்த மனிதரிடம் ஒரு பெண் வந்து நிஜமாகவே நிஜத்தைக் கேட்டால் அவருக்கு எப்படிப் புரியும்?

எட்டு மாடி உயரத்தில் எகோர், வெந்துகொண்டிருந்த டிரம்முக்குப் பக்கத்தில் பனியனோடு நின்று போனில் சொன்னான்: “நாப்பத்திரெண்டு டிகிரி.”

கைரித் எழுதிக்கொண்டாள்.

அரை மணி கழித்து: “நாப்பத்தஞ்சு.”

“மேல குளிரா இருக்கா?” என்று கைரித் அக்கறையோடு கேட்கச் சொன்னாள்.

“ஸ்வெட்டர் போட்டுட்டு வந்திருக்கணும்,” என்றான் எகோர். மீட்டரில் நூற்று எண்பது ஓடிக்கொண்டிருந்தது. கட்டுப்பாட்டு அறையில் இரண்டு பேர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போனார்கள்.

பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு ஆறாம் யூனிட் மின்தொகுப்பில் சேர்ந்தது. ஆறு மணிக்குக் கொளுத்தியதிலிருந்து ஒன்பது மணி நேரம் பத்து நிமிடம். கைரித் தன் தாளை இரண்டு முறை சரிபார்த்தாள். அவள் முகத்தில் வியப்பும், கூடவே என்னவென்று பிடிபடாத ஏதோ ஒரு யோசனையும் இருந்தது. எல்லோரோடும் கைகுலுக்கினாள். ஆற்றில் பிடித்து வறுத்து, வினிகரில் ஊறவைத்த மீனைக் கறுப்பு ரொட்டியோடு சாப்பிட வைத்து அனுப்பினார்கள். அன்று மாலை ஷிப்ட் மொத்தமும் திருவிழாவுக்குப் போகிறவர்கள் மாதிரி வீடு திரும்பியது.

அக்டோபரில் ஜாதகம் வந்தது.

நிலைய இயக்குநர் ஹெய்னோ எல்லோரையும் கேன்டீனில் உட்கார வைத்தார். கைரித்தே நேரில் வந்து, திரையில் படம் போட்டு விளக்கினாள். கடலோரத்தில் வரப்போகிற காற்றாலைகள், வயல்களில் பரப்பப்போகிற சூரியத் தகடுகள், மின்கல நிலையங்கள் எல்லாம் வந்தன. பிறகு ஒரு கறுப்புக் கோடு. வருஷத்தில் பத்துப் பன்னிரண்டு நாள், கடுங்குளிரில் காற்று அசையாமல் நிற்கும் நாட்கள். அந்த நாட்களுக்குத்தான் கிவிசூ.

“ஆறாம் யூனிட் மூணு வருஷத்துக்கு அவசரகால இருப்பா இருக்கும்,” என்றாள் கைரித். கைத்தட்டல் எழுந்தது. அவள் கையை உயர்த்தி அமர்த்தினாள். “ஒன்பது மணி நேரத்துல எழும்ப முடியறதால, அத சூடா வச்சிருக்கத் தேவையில்ல. அணைச்சே வைக்கலாம். கூப்பிட்டா வர்றதுக்கு இருபத்திரண்டு பேர் போதும். ஐந்தாம் யூனிட்ட டிசம்பரோட மூடறோம்.”

ஆர்க்காடிதான் எழுந்தார்.

“பன்னண்டு மணி நேரத்துக்கு மேல ஆகியிருந்தா? அப்ப ரெண்டையும் மூடியிருப்பீங்க, இல்லீங்களா?”

கைரித் புரியாமல் பார்த்தாள். “மூடறதா? இல்லையே. அப்படி ஆகியிருந்தா ஒண்ண மட்டும் நம்பி இருக்க முடியாது, ரெண்டையும் குளிர்காலம் முழுக்க சூடா வச்சிருக்க வேண்டியிருந்திருக்கும். ஆள் மொத்தமும் இருந்திருக்கணும். நாங்க முதல்ல போட்டிருந்த கணக்கே அதுதான், பதினாலு பதினஞ்சு மணி நேரம் ஆகும்னு. நிறைய செலவு. நீங்க அத மிச்சப்படுத்திட்டீங்க.” அவள் மனதாரச் சொன்னாள். “நன்றி, ஆர்க்காடி சவேல்யிச்.”

அவர் உட்கார்ந்தார். பக்கத்தில் எகோர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு வரிசை தள்ளி ஜோயா, கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அவர் பக்கம் திரும்பவே இல்லை. ஐந்தாம் யூனிட்டின் நீராவியைக் கொண்டே ஐந்தாம் யூனிட் தேவையில்லை என்று நிரூபித்தாயிற்று. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

அன்று மாலையே ஜோயா படியிறங்கி அவர் வீட்டுக்கு வந்தாள். ஆர்க்காடியின் மனைவி ராயிசா தேநீர் வைத்துவிட்டு, முகங்களைப் பார்த்து அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

“சொல்லிரு, ஆர்க்காடி,” என்றாள் ஜோயா. “நாளைக்குக் காலைல தல்லினுக்குப் போன் போட்டு, பதினஞ்சுன்னு சொல்லிரு.”

“சொன்னா எகோர் வேலை போகும். நாப்பத்திரெண்டுன்னு சொன்னது அவன். தாள்ல கையெழுத்துப் போட்டவன் நான்.”

“ஸ்டீம் குடுத்தவ நான். நானும் வந்து நிக்கிறேன்.”

“அப்ப நீயே சொல்லேன்.”

“நான் சொன்னா, வேலை போன ஆத்திரத்துல சொல்றாம்பாங்க. நீ இருக்கப் போறவன். நீ சொன்னாத்தான் நம்புவாங்க.”

இருக்கப் போறவன். அந்தச் சொல் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. இருபத்திரண்டு பேரின் பட்டியலில் முதல் பெயர் அவருடையது. ஒன்பது மணி நேரத்தில் எழுப்பிக் காட்டியவர் அல்லவா. ஓய்வூதியத்துக்கு இன்னும் ஐந்து வருஷம் இருந்தது. எகோருக்காக யோசிக்கிறேன் என்று அவர் நம்பினார், பாதி உண்மைதான். மறு பாதி என்னவென்று ஜோயாவுக்குத் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது.

“அவசரப்படாத,” என்றார். “வசந்தம் வரட்டும். அடுத்த ஜாதகம் எழுதறப்ப மெதுவா எடுத்துச் சொல்லலாம்.”

“டிசம்பர்ல என் யூனிட்ட வெட்டி இரும்புக்குப் போட்டுருவாங்க. வசந்தத்துல யாருக்குச் சொல்லப் போற?”

ஜோயா தேநீரைத் தொடாமல் எழுந்து போனாள்.

டிசம்பரில் அறுபத்திரண்டு பேர் வெளியே போனார்கள். பாதிப் பேர் பின்லாந்துக்குப் படகேறினார்கள், கட்டட வேலைக்கும் பிளம்பிங் வேலைக்கும். ஒருவன் குடிக்கத் தொடங்கினான். இன்னொருவன் குடியை நிறுத்திவிட்டுத் தேவாலயத்துக்குப் போகத் தொடங்கினான். இருபத்தேழு வருஷம் டர்பைனின் சத்தத்தைக் கேட்டே அதன் உடம்பு நிலை சொன்ன ஜோயா, பல்பொருள் அங்காடியில் மீன் பகுதியில் தலையில் வலைத்தொப்பி போட்டுக்கொண்டு நின்றாள். ஐந்தாம் யூனிட்டை வாயுச் சுடரால் அறுத்துத் துண்டு போட்டார்கள். இரவல் நீராவி வந்த குழாயும் அதோடு சேர்ந்து போயிற்று.

ஜனவரியில் குளிர் இறங்கியது. பூஜ்யத்துக்குக் கீழே இருபத்து நான்கு டிகிரி, எட்டு நாளாக மரத்தில் ஓர் இலை அசையவில்லை. இலையே இல்லை என்பது வேறு விஷயம். ஒன்பதாம் நாள் கடலடிக் கேபிள் ஒன்று பழுதாகியது. அதிகாலை நான்கு மணிக்கு ஆர்க்காடியின் போன் அடித்தது. தல்லின் கட்டுப்பாட்டு மையம்.

“ஆறாம் யூனிட்ட எழுப்புங்க. பிற்பகல் ரெண்டு மணிக்குள்ள தொகுப்புல இருக்கணும்.”

இருபத்திரண்டு பேரில் பத்தொன்பது பேர் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிட்டார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். முகம் கழுவாமல், பனியில் காரைத் தள்ளிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. கொதிகலன் கூடம் சவக்கிடங்கு மாதிரி குளிர்ந்து கிடந்தது. எகோர் மேலே போய்ப் பார்த்துவிட்டு இறங்கி வந்தான்.

“டிரம் நாலு டிகிரி,” என்றான். இந்தத் தடவை அது உண்மை.

யாரும் சிரிக்கவில்லை.

“சவேல்யிச், முடுக்கிப் பாப்போமா?” என்றான் எகோர் தாழ்ந்த குரலில். “கொஞ்சம் வேகமா ஏத்தினா பத்து மணி நேரத்துல வந்துரும்.”

“டிரம் வெடிச்சா?”

“வெடிக்காது. அம்பது வருஷமா வெடிக்கல.”

“அம்பது வருஷமா யாரும் இப்படி ஏத்தல. மேல நின்னு அளவு பாக்கப் போறது யாரு?”

“நான்தான்.”

“அப்ப வாய மூடிட்டுப் போய் வேலையப் பாரு. பதினஞ்சு மணி நேரம். ஒரு நிமிஷம்கூடக் கொறையக் கூடாது.”

ஆர்க்காடி போனை எடுத்தார். மறுமுனையில் ஓர் இளைஞன்.

“ரெண்டு மணிக்கு முடியாது. பதினஞ்சு மணி நேரம் ஆகும்.”

“என் தாள்ல ஒம்பதுன்னு இருக்குங்க.”

“தாள்ல இருக்கறது தப்பு. இந்த யூனிட்டு குளிர்ல கெடந்தா என்னிக்குமே பதினஞ்சுதான். சோதனையன்னிக்கு நாங்க...” அவர் நிறுத்தினார். பிறகு சொல்லி முடித்தார். “நாங்க முன்னாடியே சூடு பண்ணி வச்சிருந்தோம்.”

“அத மாத்தற அதிகாரம் எனக்கு இல்லீங்க,” என்றான் அந்த இளைஞன். “தாமதம்னு குறிச்சுக்கிறேன். காரணத்த நாளைக்கு எழுத்துல அனுப்பிருங்க.”

மூன்று மாதம் நெஞ்சில் கல்லாகக் கிடந்த விஷயத்தை அவர் ஒருவழியாகச் சொல்லிவிட்டார். சொன்ன இடத்தில் அதை வாங்கி வைக்க ஒரு கட்டம்கூட இல்லை.

மாலை நான்கு மணிக்கு மேல் நாடு திணறத் தொடங்கியது. தொழிற்சாலைகளை நிறுத்தினார்கள், அதுவும் போதவில்லை. ஊர் ஊராக முறை வைத்து மின்சாரத்தை வெட்டினார்கள். ஐந்தரைக்கு அவர்கள் ஊரின் முறை வந்தது. கட்டுப்பாட்டு அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் எல்லையாக ஓடுகிற ஆற்றுக்கு அக்கரையில் ரஷ்யப் பக்கம் விளக்குகள் எரிந்தன; இக்கரையில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. அந்த இருட்டில் ராயிசா கோட்டும் தொப்பியுமாகச் சமையலறையில் உட்கார்ந்திருப்பாள். நிலையம் மட்டும் பளிச்சென்று எரிந்தது. கொதிகலனை எழுப்ப ராட்சத விசிறிகளும் பம்புகளும் ஓட வேண்டும். அவற்றுக்கும் அதே தொகுப்பிலிருந்துதான் மின்சாரம். அன்று முழுக்க ஆறாம் யூனிட் நாட்டுக்குக் கொடுத்தது ஒன்றுமில்லை. நாட்டிடமிருந்து தின்றதுதான் மிச்சம்.

இரவு எட்டு மணி ஐந்து நிமிடத்துக்கு எல்லாம் தயார். டர்பைன் முழு வேகத்தில் சுற்றியது. டிரம்மில் ஒரு கீறல் இல்லை. சுத்தமான, பிசகில்லாத பதினைந்து மணி நேர வேலை. தொகுப்பில் சேர அனுமதி கேட்டு ஆர்க்காடி போன் போட்டார்.

“தேவைப்படலீங்க,” என்றான் அதே இளைஞன். களைத்துப்போன குரல். “காத்து எழுந்துருச்சு. ஸ்வீடன்லேர்ந்தும் கொஞ்சம் கெடைச்சுது. அணைச்சிருங்க.”

எகோர் மேலிருந்து இறங்கி வந்து, கையுறையை மேஜைமேல் வீசினான். யாரையும் பார்க்காமல், “நல்லா இருக்கு,” என்றான்.

மறுநாள் காலை இயக்குநர் ஹெய்னோ கதவைச் சாத்திவிட்டு, ஒரு தாளை ஆர்க்காடியின் முன் நகர்த்தினார். தட்டச்சு செய்து தயாராக இருந்தது. எரிபொருள் குழாயின் வால்வு ஒன்று பனியில் இறுகிச் சிக்கிக்கொண்டதால் ஆறு மணி நேரத் தாமதம், பழுது சரிசெய்யப்பட்டது.

“வால்வு எதுவும் சிக்கலியே,” என்றார் ஆர்க்காடி.

“நேத்து போன்ல நீங்க என்னவோ ஒளறியிருக்கீங்க. தூக்கக் கலக்கம்னு சொல்லிட்டேன்.” ஹெய்னோ கோபப்படவில்லை. அவருக்குத் தலைவலி, நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “ஆர்க்காடி சவேல்யிச், ஒம்பதுன்னு எழுதித்தான் ஒப்பந்தம் போட்டிருக்கு. பதினஞ்சுன்னா ஒப்பந்தமே செல்லாது. ஐந்தாம் யூனிட்டு போயாச்சு, இனிமே அது திரும்பி வரப்போறதில்ல. இதுவும் போகும். இருபத்திரெண்டு பேரும் வீட்டுக்குப் போகணும். நேத்து முகம் கழுவாம ஓடி வந்தாங்களே, அவங்கதான். உங்களுக்கு அதுதான் வேணுமா?”

“அடுத்த தடவ கூப்பிடுவாங்களே?”

“கூப்பிடறப்ப பாத்துக்கலாம்.”

அப்போது மேஜையிலிருந்த போன் அடித்தது. ஹெய்னோ எடுத்துக் கேட்டுவிட்டு, ரிசீவரை மேஜையின் குறுக்கே நீட்டினார். கைரித்.

“ஆர்க்காடி சவேல்யிச், நேத்துக் காலைல நீங்க பதினஞ்சுன்னு சொன்னதா இங்க குறிப்பு இருக்கு. இயக்குநர் வால்வுன்னு சொல்றார். அடுத்த பத்து வருஷக் கணக்க இப்பத்தான் தொடங்கியிருக்கேன்.” அவள் நிறுத்தி, சொற்களைத் தேடினாள். “எனக்கு ஒரே ஒரு எண் வேணும். ஒன்பதா, பதினஞ்சா?”

முப்பத்தாறு வருஷத்தில் நிஜமாகவே நிஜத்தைக் கேட்டவள் இவள் ஒருத்திதான் என்று ஆர்க்காடிக்கு இப்போது தெரிந்தது. தெரிந்து என்ன பயன்? எதிரே ஹெய்னோ. கண்ணாடிக் கதவுக்கு வெளியே எகோர், சம்பளச் சீட்டில் கையெழுத்துப் போட வரிசையில் நின்று, யாரிடமோ எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

“வால்வு சிக்கிக்கிச்சுங்க,” என்றார்.

“அப்ப ஒன்பது.”

“ஒம்பதுதாங்க.”

“சரி, அப்படியே எழுதிக்கிறேன்,” என்றாள் கைரித். அவள் குரலில் சந்தேகம் இருந்ததா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் ரிசீவரை வைத்துவிட்டுத் தாளில் கையெழுத்துப் போட்டார்.

அந்த வாரம் முழுக்க அவர் ராயிசாவிடம்கூடச் சரியாகப் பேசவில்லை. தன்மேல் அவருக்கே அருவருப்பாக இருந்தது. அதை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்றும் தெரியவில்லை. போனில் சொன்னது மட்டும்தான் மனசில் கொஞ்சம் வெளிச்சமாக இருந்தது. அதை ஜோயாவிடம் சொன்னால் தேவலை என்று தோன்றியது. சனிக்கிழமை அங்காடிக்குப் போய், மீன் பகுதியில் வரிசையில் நின்றார். அவருக்குப் பின்னால் கூடையோடு ஒரு கிழவர்.

“என்ன வேணும்?” என்றாள் ஜோயா. குரல் எல்லோரிடமும் கேட்பது போலத்தான் இருந்தது.

“அரைக் கிலோ சாளை. பொகை போட்டது.”

அவள் அள்ளித் தராசில் வைத்தாள். அவர் கண்ணாடித் தடுப்பின்மேல் குனிந்தார்.

“சொல்லிட்டேன், ஜோயா. அந்தக் குளிரன்னிக்கு. போன்ல, தல்லின்காரன்கிட்ட. பதினஞ்சுன்னு சொன்னேன். முன்னாடியே சூடு பண்ணதையும் சொல்லிட்டேன்.”

ஜோயாவின் கை தராசின்மேல் நின்றது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு கணம் பழைய ஜோயா இருந்தாள்.

“எழுதிக் குடுத்தியா?”

அவர் சட்டைப்பையில் பணத்தைத் தேடினார்.

“எழுதிக் குடுத்தியான்னு கேட்டேன்.”

“இருபத்திரெண்டு பேர் இருக்காங்க, ஜோயா.”

“நாங்க அறுபத்திரெண்டு பேர் இருந்தோம்.”

“எல்லாருக்காகவும்தான் அன்னிக்கு...”

“எங்களுக்காகன்னு சொல்லாத,” என்றாள் ஜோயா. குரலை உயர்த்தவில்லை. “உனக்காகப் பொய் சொன்னேன்னு சொல்லு, ஒரு வேள மன்னிச்சுரலாம்.”

அவள் பொட்டலத்தை மடித்து, விலைச்சீட்டை ஒட்டித் தடுப்பின்மேல் வைத்தாள். பிறகு அவர் தோளைத் தாண்டிப் பின்னால் நின்ற கிழவரைப் பார்த்தாள்.

“உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க.”

ஆர்க்காடி பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, கிழவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.